தேதி தெரியாதவர்களின் பிறந்தநாள்

பேஸ்பால் எண்களின் ஆட்டம். ஒருவன் எத்தனை முறை மட்டையெடுத்து நின்றான், எத்தனை முறை பந்தைத் தொட்டான், எத்தனை முறை ஏமாந்து திரும்பினான் என்பதெல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளாக அச்சாகி வருகின்றன. 1880களில் ஏதோவொரு பிற்பகலில் ஏதோவொரு ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டதைக்கூட இன்று எவரும் எடுத்துப் பார்த்துவிடலாம். மனிதர்களின் வாழ்வை இத்தனை விரிவாகக் கணக்கெழுதி வைத்த ஆட்டம் வேறொன்று உண்டா என்பது எங்களுக்கு ஐயமே. இவ்வளவு பெரிய கணக்குப் புத்தகத்தில் ஆட்டக்காரர் தாமாக உழைத்துச் சேர்க்காத எண் ஒன்று உண்டு. அது அவர் பிறந்த தேதி.

நாங்கள் நால்வர். தொண்ணூறுகளின் இறுதியில் வெவ்வேறு ஊர்களிலிருந்து நியூ ஜெர்ஸிக்கு வந்து சேர்ந்தவர்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் புத்தகங்களைப் பேசுகிறவர்கள். கிரிக்கெட்டில் வளர்ந்தவர்களுக்கு பேஸ்பால் முதலில் அலுப்பூட்டியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு அது ஆட்டமாகப் பிடிப்பதற்கு முன்பே கதையாகப் பிடித்துவிட்டது. எந்த ஆட்டக்காரரைப் பற்றிப் படித்தாலும் பின்னால் ஒரு சுரங்க நகரமோ, பருத்திக் காடோ, கப்பலேறி வந்த தகப்பனோ தென்பட்டார்கள். அப்படித்தான் அந்தந்த நாளில் பிறந்தவர்களுள் ஒருவரைத் தேர்ந்து அவரைப் பற்றி ஓர் அரைமணி நேரம் படிப்பது, பேசுவது என்னும் வழக்கம் எங்களுக்குள் உண்டாயிற்று. கேக் கிடையாது, கேசரி உண்டு. மறைந்தவர்களுக்கும் உண்டு, இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் உண்டு. மறைந்தவருக்கு நினைவு நாள்தானே கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நினைவு நாளில் ஒரு மனிதரின் முடிவு மட்டுமே இருக்கிறது. பிறந்தநாளில் அவர் இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. எங்களுக்கு அந்தக் குழந்தைதான் பிடிக்கும்.

1871 முதல் எண்ணினால் பெரிய லீக்குகளில் ஆடியவர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆண்டின் எந்த நாளை எடுத்தாலும் ஐம்பது பேருக்குக் குறையாமல் பிறந்திருப்பார்கள் என்பது சராசரிக் கணக்கு. ஆனால் அந்தத் தேதிகள் தாமாக வந்து ஏட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் வரலாற்றாளராக இருந்த லீ ஆலன் என்பவர் பழைய ஆட்டக்காரர்கள் எங்கே பிறந்தார்கள், எங்கே இறந்தார்கள் என்பதைத் தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்டார். அந்தத் தேடலின் பயன் 1969இல் வெளியான பேஸ்பால் கலைக்களஞ்சியத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். 1971இல் அதே கூப்பர்ஸ்டவுனில் பதினாறு பேர் கூடித் தொடங்கிய பேஸ்பால் ஆய்வுக் கழகம் இந்த வேலைக்கென்றே ஒரு குழுவை வைத்திருக்கிறது. கல்லறைக் கற்கள், தேவாலயப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், உள்ளூர்ச் செய்தித்தாள்களின் மரண அறிவிப்புகள் என்று அவர்கள் அலைகிறார்கள், ஊதியமில்லாமல். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற கதையைப் பள்ளியில் படித்த எங்களுக்கு இந்த மனிதர்கள் அந்நியராகத் தோன்றவில்லை. அங்கே பாடபேதம், இங்கே தேதி பேதம்.

இத்தனை தேடியும் சிலர் அகப்படவில்லை. 1870களில் ஓரிரு ஆட்டம் ஆடிவிட்டுப் போன சிலருக்கு இன்றுவரை குடும்பப் பெயர் மட்டுமே ஏட்டில் உள்ளது. முதற்பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை, தேதி இல்லை. மட்டையெடுத்து நின்ற தடவைகள் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. இவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நாட்காட்டியைப் புரட்டுகிறவனுக்குச் சின்னச் சின்ன வியப்புகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். டிசம்பர் 25 அன்று பட் கால்வின் (1856), நெல்லி ஃபாக்ஸ் (1927), ரிக்கி ஹெண்டர்சன் (1958) மூவரும் பிறந்தார்கள்; மூவருமே புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்கள். ஹெண்டர்சன் சிகாகோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஓல்ட்ஸ்மொபைல் காரின் பின்னிருக்கையிலேயே பிறந்துவிட்டார். பிற்காலத்தில் 1,406 முறை அடித்தளம் திருடிச் சாதனை படைத்தவருக்குப் பொருத்தமான அவசரம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாங்களும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் 22 மேரிலாந்தின் பண்ணைப் பையன் ஜிம்மி ஃபாக்ஸுக்கும் (1907) ஜப்பானின் இச்சிரோவுக்கும் (1973) பொது. நவம்பர் 21 இவை எல்லாவற்றையும் விட வினோதம். பென்சில்வேனியாவின் டொனோரா என்னும் சிறிய ஆலை நகரத்தில் 1920இல் அந்நாளில் ஸ்டான் மியூசியல் பிறந்தார். நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில், அதே ஊரில், இளைய கென் கிரிஃபி பிறந்தார். கிரிஃபியின் பாட்டனார் மியூசியலோடு உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடியவர்.

டொனோராவை அந்த வியப்போடு விட்டுவிட எங்களால் முடியவில்லை. 1948 அக்டோபர் இறுதியில் துத்தநாக ஆலையின் நச்சுப் புகை பள்ளத்தாக்கில் சில நாட்கள் அசையாமல் நின்றபோது இருபது பேர் இறந்துபோனார்கள். அந்தப் புகையில் நலம் கெட்டவர்களுள் மியூசியலின் தகப்பனார் லூகாஸும் ஒருவர். போலந்திலிருந்து வந்து ஆலையில் உழைத்த அவர் அவ்வாண்டின் இறுதிக்குள் காலமானார். மகன் தம் வாழ்நாளின் ஆகச்சிறந்த பருவத்தை ஆடி முடித்திருந்த ஆண்டு அது.

பிப்ரவரியின் முதல் வாரம் எங்களுக்கு எப்போதும் கனமான வாரம். ஐந்தாம் தேதி ஹாங்க் ஏரனுடையது (1934). ஆறாம் தேதி பேப் ரூத்துடையது (1895). ஹோம் ரன் கணக்கில் முன்னவரும் பின்னவருமாக நின்ற இருவர் நாட்காட்டியில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ரூத் 714 அடித்து ஓய்வு பெற்றார். அந்த எண் வெள்ளை அமெரிக்காவின் சொத்துப் போல ஆகியிருந்தது. 1973ஆம் ஆண்டின் பருவம் முடிந்தபோது ஏரனின் கணக்கு 713. ஒன்று குறைவு. அடுத்த பருவம் வர ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது, 1974 பிப்ரவரி 5 அன்று. ஓராண்டில் அவருக்கு வந்த கடிதங்கள் 9 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாழ்த்தி வந்தவை நிறையவே இருந்தன. ஆனால் கறுப்பன் ஒருவன் ரூத்தை முந்துவதா என்று கொலை மிரட்டலோடு வந்தவையும் ஏராளம். பாதுகாவலர் கூடவே இருந்தார். பிள்ளைகளின் பாதுகாப்பு தனிக் கவலையாக இருந்தது. நாற்பதாவது பிறந்தநாளன்று ஒரு மனிதன் அடுத்த பிறந்தநாள் வருமா என்று நினைக்க வேண்டியிருந்த காலம் அது. 1974 ஏப்ரல் 4 அன்று சின்சினாட்டியில் 714ஐத் தொட்டார்; ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் 715. அந்தக் காணொளியில் அவர் ஓடிவரும்போது இரு இளைஞர்கள் பாய்ந்து வந்து முதுகைத் தட்டுகிறார்கள். வாழ்த்தத்தான் வந்தார்கள். ஆனாலும் அந்தக் கடிதங்களைப் பற்றித் தெரிந்த பிறகு அக்காட்சியை நிம்மதியாகப் பார்க்க எங்களால் ஒருபோதும் முடிந்ததில்லை. தாயார் எஸ்டெல்லா ஓடிவந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஏரன் எண்பத்தாறு வயதுவரை இருந்தார். 2021 ஜனவரி 22 அன்று, அடுத்த பிறந்தநாளுக்குப் பதினான்கு நாட்கள் இருக்கையில் மறைந்தார்.

ரூத்தின் கதையில் தேதியே ஒரு பாத்திரம். தாம் 1894 பிப்ரவரி 7 அன்று பிறந்ததாகவே அவர் வாழ்நாளின் பெரும்பகுதியும் நம்பியிருந்தார். 1934இல் ஜப்பான் பயணத்துக்குக் கடவுச்சீட்டு வாங்கப்போய்ப் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோதுதான் 1895 பிப்ரவரி 6 என்று தெரியவந்தது. அப்போது அவர் ஆட்ட வாழ்வே முடியும் தறுவாயில் இருந்தது. உலகமே பெயரறிந்த மனிதருக்குத் தம் வயது தெரியாமல் இருந்திருக்கிறது. ஏழு வயதில் பால்டிமோரின் செயின்ட் மேரீஸ் தொழிற்பள்ளியில், அடங்காப் பிள்ளை என்று கொண்டுபோய் விடப்பட்டவர் அவர். பிறந்தநாளை நினைவூட்டி வளர்க்க வீட்டில் ஆளில்லாத குழந்தைக்கு ஒரு நாளும் ஓராண்டும் பிசகுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வயது என்று பேச்செடுத்தால் சாட்செல் பேஜுக்கு வராமல் தீராது. கறுப்பர்களைப் பெரிய லீக்குகள் ஏற்காத காலத்தில் அவர்கள் தமக்கென நடத்திய நீக்ரோ லீக்குகளின் (அன்றைய பெயர் அது, வரலாற்றுப் பெயராக இன்றும் நிற்கிறது) தலைசிறந்த பந்து வீச்சாளர் அவர். அலபாமாவின் மொபைல் நகரத்துக்காரர். ஏரனும் அந்த ஊரே. பேஜின் வயது என்ன என்பது இருபதாண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவின் செல்ல விடுகதையாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கதை சொல்வார். பிறந்த தேதியைக் குறித்து வைத்திருந்த குடும்ப பைபிளை ஆடு தின்றுவிட்டது என்பது அவற்றுள் புகழ் பெற்றது. மொபைல் நகரப் பதிவேட்டில் உள்ள தேதி 1906 ஜூலை 7.

அந்தத் தேதியின்படி, சரியாக நாற்பத்திரண்டாவது பிறந்தநாளன்று, 1948 ஜூலை 7இல், கிளீவ்லாந்து அணி அவரை ஒப்பந்தம் செய்தது. இரு நாட்கள் கழித்துப் பெரிய லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசினார். இது அணி முதலாளியின் விளம்பர வித்தை என்று பத்திரிகைகளில் கேலி செய்தார்கள். ஆறு ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்றார்; அவ்வாண்டு கிளீவ்லாந்து உலகத் தொடரையும் வென்றது. பிற ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்று மீன்பிடிக்கப் போகும் வயது அவருக்கு அறிமுக வயதாயிற்று. 1965 செப்டம்பர் 25 அன்று ஐம்பத்தொன்பது வயதில் கான்சஸ் நகர அணிக்காக மறுபடி ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். வேடிக்கைக்காக அவரை மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் செவிலி ஒருவரையும் நிறுத்தியிருந்தார் அணி உரிமையாளர். வேடிக்கை அதோடு முடிந்தது. மூன்று சுற்று பந்து வீசினார். பாஸ்டன் அணியில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர் மட்டுமே அவர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார்.

ஆடு தின்ற பைபிள் கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். பேஜும் சிரிக்கவே சொன்னார். ஆனால் அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்பது எளிதில் கிடைத்த பொருளன்று. எழுதுவாரில்லை, எழுதினாலும் பாதுகாப்பாரில்லை. வயதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், இருபது ஆண்டுகள் முன்பே அவரை உள்ளே விடாதது யார் என்ற கேள்வியைக் கேட்கவில்லை. அந்த விடுகதை அக்கேள்வியைச் சௌகரியமாக மறைத்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பேஜின் கதையை முதன்முதலாகப் பேசிய இரவில் எங்களுள் மூத்தவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். இராமநாதபுரத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய சான்றிதழ்களில் பிறந்த தேதி 1.6.1964. பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னாராம், கை எட்டிவிட்டது. ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று 1969 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐந்தைக் கழித்து எழுதிவிட்டார். நம் ஊர்ப் பள்ளிப் பதிவேடுகளில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேர் ஏன் என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று. அம்மா மட்டும் வேறு தேதி வைத்திருந்தார். “புயலடிச்ச பத்தாம் நாளு நீ பொறந்தேப்பா” என்பார். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல் அது, 1964 டிசம்பர் 22 இரவு. கணக்குப் போட்டால் 1965இன் புத்தாண்டையொட்டி வருகிறது. ஆனால் அந்த மார்கழியில் அந்தக் கரையில் யார் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்? பத்து என்பது எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். நேரமும் நட்சத்திரமும் குறித்து வைக்க வீடே இல்லை, கூரை போயிருந்தது. அம்மா 2019இல் காலமானார். அந்தத் தேதிக்கு இருந்த ஒரே ஆவணம் அவர்தாம்.

அண்ணனுக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை. ஓய்வூதியம் ஏழு மாதம் முன்னதாகவே வரும். தலைமையாசிரியர் கொடுத்த சீதனம் என்று சிரிப்பார். ஆனால் வயதைத் திருத்திய ஆட்டக்காரர்களை நாங்கள் யாராவது ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் அவர் முகம் மாறிவிடும்.

அந்த வாதம் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. 2001 ஆகஸ்டில் சிறுவர் உலகத் தொடரில் பிராங்ஸ் பகுதி அணிக்காக டேனி அல்மோண்டே என்னும் பையன் ஓர் எதிராளியைக்கூடத் தளமேற விடாமல் முழு ஆட்டமும் பந்து வீசி நாட்டையே வியக்க வைத்தான். சில நாட்களில் டொமினிக்கன் குடியரசின் பதிவேட்டிலிருந்து உண்மை வெளிவந்தது. பன்னிரண்டு வயது வரம்புள்ள போட்டியில் அவனுக்கு வயது பதினான்கு. அவன் பிறந்தது 1989இல் என்று சொல்லப்பட்டது, உண்மையில் 1987. அணியின் வெற்றிகள் ரத்தாயின. அவனுடைய வயதுப் பேச்சு எத்தனை நாள் நடந்ததோ அத்தனை நாளும் நாளேடுகளில் ஒரு பையனின் முகம் பெரிதாக அச்சாகிக்கொண்டிருந்தது. தாளைத் திருத்தியவர்கள் பெரியவர்கள்.

அவ்வாண்டு செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க விசா சோதனைகள் கடுமையானபோது டொமினிக்கன் ஆட்டக்காரர்கள் பலருடைய பிறந்த ஆண்டுகள் ஒரேயடியாகப் பின்னோக்கி நகர்ந்தன. பார்ட்டோலோ கோலோன் இரண்டு வயது மூத்தவரானார். மிகேல் தெகாதா 2008இல் தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ் நீட்டப்பட்டபோது எழுந்து போய்விட்டார். 1976 என்றிருந்தது 1974 ஆயிற்று. கிளீவ்லாந்தின் ஃபௌஸ்டோ கார்மோனா 2012 ஜனவரியில் சாண்டோ டொமிங்கோவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து வெளியே வரும்போது கைதானார். அவருக்கு வயது மட்டுமன்றிப் பெயரும் வேறு. ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ் என்ற சொந்தப் பெயரில் பிறகு வந்து ஆடினார்.

இதன் பின்னணியில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டுப் பையன்களைப் பதினாறு வயதில் அணிகள் ஒப்பந்தம் செய்யலாம் என்பது விதி. ஒரே வேகத்தில் பந்து வீசும் இருவரில் பதினாறு வயதுப் பையனுக்கு லட்சக்கணக்கில் டாலர் கிடைக்கும். பத்தொன்பது வயதுக்காரனுக்குச் சில ஆயிரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கரும்புத் தோட்டத்து ஊர்களில் பையன்களைச் சிறுவயதிலேயே தங்கவைத்துப் பயிற்றும் தரகர்கள் உண்டு. புஸ்கோன் என்று பெயர். ஒப்பந்தத் தொகையில் அவர்களுக்குப் பங்கு. தெகாதா தாம் பத்தொன்பது வயதில் பதினேழு என்று சொல்லிக் கையொப்பமிட்டதை ஒப்புக்கொண்டார். இது பொய்தான். உண்மை வயதைச் சொல்லிவிட்டுத் தோற்ற இன்னொரு பையன் எங்கோ இருப்பான் என்பதை எங்களுள் ஒருவர் தவறாமல் நினைவூட்டுவார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் மூன்று பிறந்தநாள்களுக்கு இவ்வளவு பெரிய விலை வைத்த சந்தையை விட்டுவிட்டு, விற்க வந்தவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எங்களுக்கு ஒப்பவில்லை. அதே நாட்டில் 1998 அக்டோபர் 25 அன்று பிறந்த ஹுவான் சோட்டோ, 2019 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தன்று இருபத்தொரு வயது நிறைந்தார். 2024 டிசம்பரில் நியூ யார்க் மெட்ஸ் அணி அவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. திறமைக்குத்தான் அந்த விலை. ஆனால் அத்திறமை இருபத்தாறு வயதில் சந்தைக்கு வந்ததற்கும் அதில் பங்குண்டு என்பதை எவரும் மறைக்கவில்லை. அங்கே பிறந்தநாள் தங்கம்.

ஜாக்கி ராபின்சனைப் பற்றியும் ஒரு குறை எங்களுக்கு உண்டு. ஏப்ரல் 15 அன்று பெரிய லீக்கின் அத்தனை ஆட்டக்காரர்களும் 42ஆம் எண்ணை அணிகிறார்கள். 1947இல் அந்நாளில்தான் அவர் நிறத்தடையை உடைத்து புரூக்ளினுக்கு ஆடினார். அழகான சடங்கு, மறுக்கவில்லை. ஆனால் அது லீக் அவரை ஏற்றுக்கொண்ட நாள். 1919 ஜனவரி 31 அன்று ஜார்ஜியாவின் கெய்ரோ என்னும் சிற்றூரில் அவர் பிறந்த நாளுக்கு மைதானங்கள் பனியில் உறங்கும். மறு ஆண்டே தாயார் மேலி ஐந்து குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். அந்தப் பயணச்சீட்டு இல்லாவிட்டால் ஏப்ரல் 15 ஏது? ஜனவரி 31இல் எங்கள் கேசரி பெரும்பாலும் மேலிக்கே.

2024ஆம் ஆண்டின் கோடை எங்களுக்கு மறக்க இயலாதது. நீக்ரோ லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவித்திருந்தார்கள். 2024 மே இறுதியில் அந்தக் கணக்குகள் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டன. ஒரே இரவில் ஜோஷ் கிப்சன் .372 என்ற சராசரியோடு வாழ்நாள் மட்டையாளர் பட்டியலின் தலைக்குப் போனார். 1911 டிசம்பர் 21இல் பிறந்தவர். 1947 ஜனவரி 20 அன்று, ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, முப்பத்தைந்து வயதில் மறைந்தவர். பிட்ஸ்பர்க்கில் அவர் கல்லறைக்கு 1975 வரை பெயர்க்கல் இல்லை. கல்லில்லாமல் கிடந்தவருக்கு முதலிடம் வந்தது. முதலிடத்தை இழந்த டை காப்பின் ரசிகர்கள் முணுமுணுத்ததையும் படித்தோம். முழுமையற்ற கணக்கு என்றார்கள். முழுமையாக எழுதாதது யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அடுத்த மாதம் 18ஆம் தேதி வில்லி மேஸ் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். அவர் பதின்வயதில் ஆடத் தொடங்கிய பர்மிங்காம் ரிக்வுட் மைதானத்தில் அவரையும் நீக்ரோ லீக்குகளையும் போற்றும் ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருந்தது. அந்த ஆட்டத்துக்கு வந்திருந்த முதியவர்களுள் ஒருவர் பில் கிரீசன். 1948இல் பர்மிங்காம் பிளாக் பாரன்ஸ் அணியில் மேஸின் தோழர். அதற்கு முன் மரைன் படை வீரராக இவோ ஜிமா போரில் இருந்தவர். 1954இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் முதல் கறுப்பினப் பந்து வீச்சாளரானார். மூன்றே ஆட்டங்களில் நான்கே சுற்றுகள் பந்து வீச விட்டார்கள். பிறகு பர்மிங்காமுக்கே திரும்பிப் போதகராகிப் பல பத்தாண்டுகள் ஒரே தேவாலயத்தில் பணி செய்தார். 2024 செப்டம்பர் 3 அன்று அவருக்கு நூறு வயது நிறைந்தது. சாதனைப் பட்டியல் எதிலும் அவர் பெயர் மேலே வராது. பிறந்தநாள்களைக் கொண்டாடும் வழக்கம் இல்லாதிருந்தால் நாங்கள் அவரை அறிந்திருக்கவே மாட்டோம்.

அதே கோடையில்தான் அண்ணனுக்கு அறுபது. சான்றிதழின்படி ஜூன் முதல் தேதி வந்துபோயிற்று. அலுவலக நண்பர்கள் வாழ்த்தினார்கள், நன்றி சொன்னார். புயல் கணக்குப்படி இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஊரில் அறுபதாம் கல்யாணம் வைக்கலாம் என்று அண்ணி கேட்டார். நட்சத்திரம் இல்லாமல் எந்த நாளில் வைப்பது? ஜூலை 7 அன்று அவரே எங்களைச் சாப்பிட அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை. அன்று பேஜின் பிறந்தநாள் என்பதால் நாங்கள் எப்படியும் கூடுவதாக இருந்தோம். போன பிறகுதான் வாழையிலையும் வடையும் பாயசமும் பார்த்து விஷயம் புரிந்தது. “நான் இந்தத் தேதியவே வச்சுக்கறேன். அவருக்கும் நிச்சயமில்ல, எனக்கும் நிச்சயமில்ல” என்றார். அண்ணி வெள்ளைத் துணியில் 42 என்று நூலால் தைத்துக் கொடுத்த கைக்குட்டையை எங்களுக்குக் காட்டினார். கிளீவ்லாந்தில் சேர்ந்தபோது பேஜுக்கிருந்த வயது. ராபின்சனின் எண்ணோ என்று கேட்டவர்களிடம் அதுவும்தான் என்றார்.

இப்போது எங்களுக்குள் ஒரு யோசனை உருவாகியிருக்கிறது. பிப்ரவரி 29 அன்று பிறந்தவர்கள் மிகச் சிலரே. பெப்பர் மார்ட்டின் (1904), கிளீவ்லாந்தின் அல் ரோசன் (1924) இருவரையும் இதுவரை அந்நாளில் படித்திருக்கிறோம். நான்காண்டுக்கொருமுறை வரும் அந்த நாளில் நிறைய இடம் காலியாக இருக்கிறது. 1870களின் அந்தக் குடும்பப் பெயர்க்காரர்களை அங்கே குடியேற்றலாம் என்கிறார் அண்ணன். அவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எந்த ஊரில் எந்த நாளில் ஆடினார்கள் என்பதைத் தனித்தனித் தாளில் எழுதத் தொடங்கிவிட்டார். நாளேடுகளின் பழைய படிமங்களில் யாருக்காவது முதற்பெயர் அகப்படுகிறதா என்று நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பிப்ரவரி 29, 2028இல் வருகிறது, செவ்வாய்க்கிழமை. விடுப்புக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.